பச்சை எரிந்தால் சம்மதம்

பச்சை அடிக்கச் சொன்னால், இடப்பக்கத்து அறுபது நாற்காலிகள் மட்டும் நீலம் அடித்தன.

நளினி மடிக்கணினியில் மறுபடியும் தட்டினாள். மண்டபத்தில் நாற்காலிக்கு ஒன்றாக நானூற்று இருபது கைப்பட்டைகள் வைத்திருந்தார்கள். முந்நூற்று அறுபது சமர்த்தாகப் பச்சைக்கு மாறின. அந்த அறுபது மட்டும் நீலத்தை விட மறுத்தன.

"என்ன லா இது? போன வாரத்துக் கல்யாண நீலம் இன்னும் போகலையா?" என்றார் புவனேசன். கெடா மாநிலத்து லூனாஸ் வட்டாரத்தில் ஒலி, ஒளி, மேடை மூன்றையும் குத்தகைக்கு எடுத்தவர் போல நடந்துகொள்ளும் அவளுடைய முதலாளி.

"அதுங்க எல்லாம் பொண்ணு வீட்டுப் பக்கம் கட்டின கைப்பேண்ட் அண்ணே. இன்னும் சம்பந்தி மிடுக்கு எறங்கல."

"எறக்கு. கம்பெனி முதலாளி டத்தோ ரெண்டு மணிக்கு வந்துருவாரு."

அந்தப் பட்டைகளின் சூட்சுமம் மிகவும் எளிது. உள்ளே பொட்டு அளவுக்கு ஒரு ரேடியோ வாங்கி, மூன்று நிறத்தைக் கலந்து எந்த நிறமும் காட்டும் ஒரு விளக்கு, காசு மாதிரி ஒரு பேட்டரி. மேடையோரம் நிற்கும் டிரான்ஸ்மிட்டர் 'பச்சை' என்றால் அத்தனையும் பச்சை. 'அணை' என்றால் அத்தனையும் இருட்டு. கட்டியிருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தோளோடு கை இருந்தால் போதும்.

நளினி ஒவ்வொரு பட்டைக்கும் புதிய இட எண் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கே.எல். என்னும் கோலாலம்பூரிலிருந்து வந்த கம்பெனியின் விளம்பர அதிகாரி ஷாமளா ஒரு கோப்போடு வந்து நின்றாள். ஏர்கான் மண்டபத்துக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவள்.

"சிஸ்டர், மூணு கேள்வி. மொதல் கேள்வி, 'சாப்பாடு நல்லா இருந்துச்சா?' அதுக்கு மஞ்சள். ரெண்டாவது, 'டத்தோவைப் பார்த்ததுல சந்தோசமா?' அதுக்கு வெள்ளை. மூணாவதுதான் முக்கியம். 'கிளித்தோட்டத்தைக் காலி பண்ணிட்டு ஃபிளாட்டுக்குப் போகச் சம்மதமா?' அதுக்குப் பச்சை. மண்டபமே பச்சையா மாறணும். நாலு கேமரா வச்சிருக்கோம்."

நளினியின் விரல் நின்றது. கிளித்தோட்டம் என்பது பாடாங் மேஹா பக்கத்தில் இருக்கும் புக்கிட் செரிண்டிட் எஸ்டேட். கம்பெனிக்காரர்கள் எழுதுவது அந்த மலாய்ப் பெயர். வாழ்கிறவர்கள் சொல்வது கிளித்தோட்டம். நூற்றிருபது குடும்பம். எஸ்டேட் நிலத்தை வாங்கிய கம்பெனி, ஆளுக்கொரு தரை வீடு என்று சொல்லிவிட்டு இப்போது ஃபிளாட் என்று பேச்சை மாற்றியிருந்தது.

"சம்மதம் இல்லாதவங்களுக்கு என்ன கலர்?" என்று கேட்டாள்.

"இந்த பேண்ட்ல பட்டன் ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி? லேண்ட் ஆபீஸ்ல ஆட்சேபம் சொல்ற கெடு இன்னிக்கு, ஞாயித்துக்கெழம சாயங்காலத்தோட முடியுது. அதுக்குள்ள ஊரே இங்க பிரியாணி சாப்பிட்டுட்டுப் பச்சையா உக்காந்திருக்கும். வீடியோவைக் கொண்டுபோய் மேலிடத்துல போட்டுக் காட்டினா மத்தது தானா நடக்கும்."

ஷாமளா போய்விட்டாள். நளினிக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை சூடு ஏறியது.

அதற்குக் காரணம் இருந்தது. அதே கம்பெனி கட்டிய ஃபிளாட்டில்தான் அவள் குடியிருந்தாள், ஐந்தாம் மாடி. லிஃப்ட் படுத்து இரண்டு வருடம். 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்று ஒட்டிய தாள் வெயிலில் பழுத்துக் கிழிந்ததும், புதிதாக இன்னொரு தாள் ஒட்டினார்கள். கம்பெனி பராமரித்தது அந்தத் தாளை மட்டும்தான். கேஸ் தோம்பு என்கிற இரும்புச் சிலிண்டரைத் தோளில் சுமந்து ஐந்து மாடி ஏறியதில் நளினியின் வலத்தோள் இடத்தோளைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது.

'பச்சையா?' என்று பல்லைக் கடித்தாள். 'இருடி, காட்டறேன் பச்சையை.'

மடிக்கணினியில் நிற வரிசையை மாற்றுவதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று இடம் மாறின. இனி யார் பச்சை என்று அமுக்கினாலும் மண்டபம் சிவப்பாகும். தடயமில்லாத வேலை. நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது புவனேசன் டிரான்ஸ்மிட்டர் முன்னால் குந்தியிருந்தார்.

"அலாமாக்! நல்லவேளை ஒருதடவ டெஸ்ட் பண்ணேன். பச்சைக்கு சிவப்பு வருது லா. இந்தப் பெட்டியிலயே மாத்திட்டேன். இப்ப செரியாயிருச்சு."

"நீங்க ஏண்ணே சிரமப்பட்டீங்க!"

"சிரமம் என்ன? நீ எனக்குத் தங்கச்சி மாதிரி."

அண்ணன் அந்தப் பக்கம் போனதும் தங்கச்சி மறுபடியும் மடிக்கணினியில் மாற்றினாள். ஐந்து நிமிடத்தில் "மறுபடியுமா!" என்று மண்டபத்தின் கோடியிலிருந்து சத்தம் வந்தது. அவர் பெட்டியில் மாற்றினார். அவர் மேடைக்கு ஏறியதும் இவள் கணினியில் மாற்றினாள். நான்காவது சுற்றில் புவனேசன் பெட்டியைத் தட்டி, "பேய் பிடிச்சிருக்கு. எலுமிச்சம்பழம் வெட்டினாத்தான் அடங்கும்" என்றார். ஐந்தாவது சுற்றில் நளினிக்கே கணக்குத் தவறிப்போனது. தான் மாற்றியது ஒற்றைப்படையா, அவர் மாற்றியது இரட்டைப்படையா? அழுத்திப் பார்த்தால் தெரியும். ஆனால் அதற்குள் பேருந்துகள் வந்துவிட்டன.

கம்பெனி அனுப்பிய பத்துப் பேருந்துகள். ஆண்களும் பெண்களும் பட்டுச்சேலை, பாத்தேக் சட்டை என்று அமர்க்களமாக இறங்கினார்கள். போராட வந்த கூட்டம் மாதிரியே இல்லை. காதுகுத்துக்கு வந்த கூட்டம் மாதிரி இருந்தது. நாற்காலிகளிலிருந்த பட்டைகளை வரிசைப்படி எடுத்துவந்து, நளினி வாசலில் நின்று ஒவ்வொரு கையாகக் கட்டிவிட்டாள்.

கடைசியில் வந்த அம்மாளுக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலை நிறைய மல்லிகை. பெயர் செல்லாயி என்றாள். கட்டிய பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்பம்மா எரியும்?"

நளினி குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, கவனமாக் கேளுங்க. இது சும்மா அழகுக்கு இல்ல. மூணாவது கேள்விக்குப் பச்சை எரிஞ்சா, நீங்க வீட்டைக் காலி பண்ணச் சம்மதிச்சதா அர்த்தம்."

"அப்படியா? பச்சை எனக்குப் பிடிச்ச கலர்தான்."

"அக்கா! வீடு போயிரும்!"

"போனாப் போகட்டும்மா. பிரியாணி முன்னாடியா, பேச்சு முன்னாடியா?"

நளினிக்கு அழுவதா, அந்த மல்லிகைச் சரத்தைப் பிடித்து உலுக்குவதா என்று தெரியவில்லை. இப்படியும் ஒரு ஜனமா? உள்ளே பார்த்தாள். ஒருவர் முகத்திலும் கவலை இல்லை. சமையற்காரர் யஹ்யா பாயின் பிரியாணி வாசம் வரும் திசைக்கு எல்லாத் தலைகளும் சூரியகாந்திப் பூ மாதிரி திரும்பியிருந்தன.

'உங்களுக்கு ரோசம் இல்லாட்டி என்ன? எனக்கு இருக்கு' என்று நளினி முடிவு கட்டினாள். நிறத்தை நம்பி இனிப் பயனில்லை. சிக்னலையே அறுத்துவிட வேண்டியதுதான்.

எல்லோரும் கோழித்தொடையில் மும்முரமாக இருந்த நேரம், டிரான்ஸ்மிட்டரின் அன்டெனாவைத் திருகிக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாப்பாடு முடிந்து திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். மண்டபம் இருட்டானதும் அறிவிப்பாளர் முதல் கேள்வியை ஒத்திகை பார்த்தார். "சாப்பாடு நல்லா இருந்துச்சா?"

முன்வரிசை நான்கு மட்டும் மங்கலாக மஞ்சள் அடித்தன. பின்னால் இருட்டு.

"பின்வரிசைக்கு மட்டும் பிரியாணி பத்தலையா?" என்று ஷாமளா சீறினாள்.

புவனேசன் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "அன்டெனா எங்க லா? காணோமே! பயப்படாதீங்க மேடம், என்கிட்ட ஸ்பேர் இருக்கு. சிங்கப்பூர்ல வாங்கினது. இதைவிட ரெண்டு மடங்கு பவர்."

லோரியிலிருந்து அந்த ஸ்பேர் அன்டெனா இறங்கியது. ஆள் உயரம் இருந்தது. அதைப் போட்டதும் மண்டபத்தில் ஒரு மூலை விடாமல் மஞ்சள் பாய்ந்தது. அதோடு நிற்கவில்லை. பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்த யஹ்யா பாய் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தார். உபரியாகக் கொண்டுவந்திருந்த பட்டைகளில் ஒன்றை ஆசைக்கு அவரும் கட்டியிருந்தார்.

"என்னா தங்கச்சி இது! என் சோறு நல்லா இருக்குன்னு என் கையே எரியுது. பாக்குறவங்க என்னா நினைப்பாங்க?"

"கழட்டிருங்க பாய்! அடுத்ததா நீங்களும் வீட்டைக் காலி பண்ணிருவீங்க!"

நளினிக்கு வியர்த்துவிட்டது. அவள் ஒவ்வொரு தடவை கெடுக்கப் போகும்போதும், புவனேசன் முன்னைவிட நன்றாகச் சரிசெய்தார். ஒன்பது வருட வேலையில் அந்த மனிதர் இவ்வளவு திறமையாக இருந்து அவள் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் காலையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. மண்டபத்து வாசலைக் காக்கும் ஜாகா குழந்தைவேலு ரிமோட்டால் வாசல் ஆட்டோகேட்டைத் திறந்தபோதெல்லாம், அடுக்கி வைத்திருந்த பட்டைகள் ஒருமுறை வெட்டி வெட்டி எரிந்தன. கேட் ரிமோட்டும் இந்தப் பெட்டியும் ஒரே அலைவரிசையில் பேசுகிறவை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் எந்தப் பட்டைக்கும் எதுவும் விளங்காது.

பக்கவாசல் வழியாக ஓடினாள். குழந்தைவேலு நிழலில் நாற்காலி போட்டுத் தே தாரிக் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்படி வந்து இந்தக் கதவோரமா நின்னு ரிமோட்டை அமுக்கிக்கிட்டே இருங்க."

"எத்தன தடவ?"

"நான் வந்து நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

"கேட்டு தொறந்து தொறந்து மூடுமே?"

"மூடட்டும்ணே. நூத்திருபது குடும்பத்து வீட்டு விஷயம்!"

குழந்தைவேலுவுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இவ்வளவு முக்கியமான ஒன்றை ஒப்படைத்ததில்லை. எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ராணுவ வீரர் மாதிரி அமுக்கத் தொடங்கினார்.

உள்ளே பட்டைகள் பேதலித்துப் போய்த் துடித்தன. நளினி மனசுக்குள் துள்ளினாள். வெளியே கேட் திறந்தது, மூடியது, திறந்தது. சரியாக அந்த நேரத்தில் டத்தோவின் கறுப்புக் காடி உள்ளே நுழைந்தது.

'டம்' என்று ஒரு சத்தம்.

நளினி ஓடிப்போய்ப் பார்த்தாள். கேட், காடியின் நடு வயிற்றைக் கவ்விக்கொண்டு நின்றது. டத்தோ ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். குழந்தைவேலு கடமை தவறாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். கேட் விட்டுவிட்டு மறுபடி கவ்வியது.

"போதும்ணே! நிறுத்துங்க!"

"நெசமாவா? இல்ல, இன்னும் ரெண்டு தடவ அமுக்கவா?"

ஒருவழியாகக் கேட்டைக் கையால் தள்ளி டத்தோவை மீட்டார்கள். அவர் சட்டை கசங்கி, முகம் சிவந்து மண்டபத்துக்குள் விறுவிறுவென்று போனார். "பேச்சும் வேணாம், பாட்டும் வேணாம். நேரா மூணாவது கேள்விக்குப் போ!" என்று அவர் அதட்டியது நளினி காதில் விழுந்தது. அவள் பாய்ந்து உள்ளே வருவதற்குள், அவளுடைய இடத்தில் புவனேசன் உட்கார்ந்திருந்தார்.

"கிளித்தோட்டத்து மக்களே, புது வாழ்க்கைக்குச் சம்மதமா?"

புவனேசன் அமுக்கினார்.

பச்சை. நானூற்று இருபது கையும் பச்சை. இடப்பக்கத்து அறுபது சம்பந்திகள் உட்பட, ஒன்று பாக்கியில்லாமல் பச்சை. கூரையும் சுவரும் டத்தோவின் வழுக்கையும் பச்சையாகப் பளபளத்தன. ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

கூட்டம் கைதட்டியது. நளினியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

யோசிக்கவில்லை. மேடைக்குத் தாவி ஏறி அறிவிப்பாளரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"இந்தப் பச்சை இவங்க போட்டதில்ல!" அவள் குரல் மண்டபத்தில் இடித்தது. "நாங்க போட்டது! அந்தப் பெட்டி போட்டது! இந்த பேண்ட்ல பட்டனே கிடையாது. குரங்கு கையில கட்டினாலும் பச்சைதான் எரியும்! இதைச் சம்மதம்னு கொண்டுபோய்க் காட்டப் போறாங்க!"

"மைக்கை ஆஃப் பண்ணு!" என்று ஷாமளா கத்தினாள்.

"ஆஃப் பண்ணுங்க! எனக்குத் தொண்டை இருக்கு!" நளினி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, இறங்கிய வலத்தோளை நிமிர்த்திக்கொண்டு முழங்கினாள். "நான் இவங்க கட்டின ஃபிளாட்ல இருக்கேன். அஞ்சாம் மாடி. கேஸ் தோம்பைத் தூக்கிக்கிட்டு ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும் புது வாழ்க்கை! விளக்கை விடுங்க. உங்களுக்குக் கால் இருக்குல்ல? சம்மதம் இல்லாதவங்க எழுந்து நில்லுங்க!"

கூட்டம் அவளை வேடிக்கை பார்த்தது.

ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருங்க! நான் இருக்கேன், பயப்படாதீங்க!"

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுவது போல லேசாக அசைந்தார். பக்கத்திலிருந்தவர் அவருடைய சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். முன்வரிசையில் செல்லாயி குனிந்து, பல்லில் மாட்டிய ஏலக்காயை எடுப்பதில் கவனமாக இருந்தாள்.

ஷாமளா முதன்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நன்றி சிஸ்டர். விளக்கு வெறும் விளையாட்டுன்னு நாளைக்கு எவனாச்சும் கேட்டிருப்பான். இப்ப எழுந்திருக்கச் சொல்லிக்கூட ஒருத்தரும் எழுந்திருக்கல! கேமரா, ஒவ்வொரு மூஞ்சியா எடு. கிட்டப் போய் எடு. ஒரு முகம் விடாம தெளிவா விழணும்!"

நான்கு கேமராக்களும் வரிசை வரிசையாக நகர்ந்தன. கூட்டம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தது.

புவனேசன் நளினியின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். "வேலை ஹபிஸ், தங்கச்சி. நாளைலேருந்து வராத" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி, "ஆனா நல்லாத்தான் பேசின லா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நளினி வாசல் படியில் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் அன்டெனா குத்தியது. வேலை போனதுகூடப் பெரிதாக உறைக்கவில்லை. விளக்கு மட்டும் சொன்ன பொய்க்கு, அவள் போய் ஆளையும் சாட்சி வைத்துவிட்டாளே! கெடுக்கப் போய், கெடுக்கப் போய், கம்பெனிக்குக் கோட்டையே கட்டிக் கொடுத்துவிட்டாள். ஆனாலும் மறுபடி அந்த மேடை கிடைத்தால் மறுபடியும் ஏறுவாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மல்லிகை வாசம் வந்தது. செல்லாயி கையில் ஒரு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடும்மா. கத்தினதுல பசிச்சிருக்கும்."

"எனக்கு வேணாம்." நளினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரே ஒருத்தர், ஒரே ஒருத்தர் எழுந்து நின்னிருந்தாப் போதும் அக்கா. நான் சண்டை போட்டிருப்பேன். அவ்ளோ பயமா உங்களுக்கு?"

"நீ கூப்பிட்டப்ப எனக்கே எந்திரிக்கணும் போலத்தான் இருந்துச்சு. தொடையைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருந்தேன்." செல்லாயி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அது இருக்கட்டும். அந்தக் கேமராக்காரங்க எங்க மூஞ்சி எல்லாத்தையும் நல்லாப் புடிச்சாங்களா?"

"புடிச்சாங்க. ஒண்ணு விடாம."

"உன் புண்ணியம்" என்று சொல்லி, செல்லாயி பொட்டலத்தைப் பிரித்து நளினியின் மடியில் வைத்தாள்.

"நாங்க எப்படிம்மா எந்திரிப்போம், நாங்க எல்லாரும் பாலிங்லேருந்து வந்த சொந்தக்காரங்க, அந்த வீடியோவுல கிளித்தோட்டத்து மூஞ்சி ஒண்ணுகூட இல்ல, கிளித்தோட்டத்து ஆளுங்க அத்தன பேரும் காலையிலேருந்து கூலிம் லேண்ட் ஆபீஸ்ல வரிசையில நின்னு ஆட்சேபத்துக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்காங்க. ஞாயித்துக்கெழம கே.எல்.காரனுக்குத்தானே லீவு, வெள்ளி, சனி லீவு விடற கெடாவுக்கு ஏது?"